பெட்டியின் அளவு: வைரத்தின் அதிர்வுகள் குறித்த ஒரு நீண்ட வழக்கும் கொல்லங்கோட்டு இயற்பியலாளரும்

படிகங்களில் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதை இன்று நம் துறைகளில் பெரும்பாலும் கணினியைக் கொண்டே ஆராய்கிறோம். ஆய்வு மாணவர் ஒருவர் படிகத்தின் அலகுக்கூட்டை ஒவ்வொரு திசையிலும் இரட்டித்து 2×2×2 பெருங்கூடு ஒன்றை அமைக்கிறார். அணுக்களைச் சிறிது நகர்த்தி விசைகளைக் கணக்கிடுமாறு நிரலுக்குக் கட்டளையிடுகிறார். மறுநாள் ஃபோனான் வளைகோடுகளை எடுத்து ஆய்வேட்டில் சேர்க்கிறார். ‘ஏன் 2×2×2?’ என்று வாய்மொழித் தேர்வில் வினவினால், ‘வழக்கமாக அப்படித்தான் செய்வோம்’ என்பதே பல வேளைகளில் விடையாக வருகிறது.

அந்த எண்ணுக்குப் பின்னால் எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சர் சி. வி. ராமனும் மாக்ஸ் போர்னும் எதிரெதிர் நின்ற வழக்கு அது. பாலக்காட்டு எல்லையிலுள்ள கொல்லங்கோட்டில் பிறந்த ஓர் இயற்பியலாளரும் அதன் தொடக்கத்தில் இடம்பெற்றிருக்கிறார். ‘போர்ன் வென்றார், ராமன் தோற்றார்’ என்று ஒரே வரியில் இவ்வழக்கை முடித்துவிடுவது நம் வகுப்பறைகளின் வழக்கம். அவ்வரி பிழையன்று, ஆனால் அது எதையும் கற்பிப்பதில்லை. ராமன் எவ்விடத்தில், எவ்வளவு தவறினார் என்பதை இன்றைய கணினிக் கணக்கீட்டின் மொழியில் மிகத் துல்லியமாகச் சொல்ல இயலும். அதைச் சொல்வதே இப்பதிவின் நோக்கம். பதிவு சற்று நீளமானது. இயற்பியல் பயில்வோரையும் அறிவியல் வரலாறு பயில்வோரையும் ஒருங்கே எண்ணி எழுதியிருக்கிறேன்.

வினா எங்கே தொடங்கியது

திண்மங்களின் தன்வெப்பம் வெப்பநிலை குறையக் குறைய ஏன் வீழ்கிறது என்ற வினாவிற்கு 1907இல் ஐன்ஸ்டைன் விடை தந்தார். படிகத்தின் அணுக்கள் யாவும் ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதாக அவர் கொண்டார். 1912இல் டிபை, படிகத்தைத் தொடர்ச்சியான மீள்தன்மைப் பொருளாகக் கருதி, ஓர் உச்ச வரம்பு வரை எல்லா அதிர்வெண்களும் உண்டு என்றார். அதே ஆண்டில் போர்னும் தியோடோர் ஃபான் கார்மனும் மூன்றாவது வழியொன்றை முன்வைத்தனர். படிகம் அணுக்களின் ஒழுங்கான அடுக்கு; ஓர் அணு அசைந்தால் அண்டை அணு இழுபடும்; ஆகவே அதிர்வுகள் அடுக்கு முழுவதும் பரவும் அலைகளாகவே இருக்கும் என்பது அவர்கள் கருத்து. அந்த அலைகளை எண்ணிக் கணக்கிட, படிகத்தின் ஒரு முகம் எதிர்முகத்தோடு இணைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டனர். இதுவே சுழல் எல்லை நிபந்தனை. வரிசையொன்றில் ஆயிரம் கூடுகள் இருந்தால் ஆயிரம் வகை அலைகள் அதில் பொருந்தும்.

ஒரு காரட் வைரத்தில் ஏறத்தாழ ஒன்றின்பின் 22 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் கார்பன் அணுக்கள் உள்ளன. எனவே போர்னின் கோட்பாட்டின்படி அதிர்வெண்களும் எண்ணில் அடங்கா. அவை ஒன்றையொன்று நெருங்கித் தொடர்ச்சியான பட்டையாகவே அமையும்.

அறிவியல் வரலாற்றில் ஒரு முரண் இங்கே உண்டு. நாஜி ஆட்சியால் ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த போர்னை 1935இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திற்கு அழைத்து வந்தவர் ராமனே. போர்னுக்கு அங்கு நிலையான பேராசிரியர் பதவி பெற்றுத்தர ராமன் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. 1936இல் போர்ன் எடின்பரோவில் பேராசிரியரானார். சில ஆண்டுகளுக்குள் இருவரும் ஒரே படிகத்தின் பொருட்டு எதிர்ப்பக்கங்களில் நின்றனர்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர்

நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழக எல்லைக்கு அருகே அமைந்த ஊர் கொல்லங்கோடு. 1909இல் அங்குப் பிறந்த பி. ராமப் பிஷாரடி சென்னை லயோலா கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில் பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்திலும் ஆராய்ச்சி செய்தார். அவர் அங்கே எடுத்துக்கொண்ட பொருள் வைரமும் எக்ஸ் கதிரும்.

1940இல் ராமனும் பி. நீலகண்டனும், வைரத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களில் வழக்கமான பிராக் புள்ளிகளுக்கு அருகே வேறு சில மங்கலான புள்ளிகள் தோன்றுவதைக் கண்டனர். அணுக்களின் வெப்ப அதிர்வால் எக்ஸ் கதிர் பரவலாகச் சிதறும் என்பதை டிபையும் பின்னர் வாலரும் முன்னமே கணித்திருந்தனர். ராமனுக்கு அவ்விளக்கம் போதுமானதாகப் படவில்லை. எக்ஸ் கதிர் படிகத்தைத் தாக்கி, குறிப்பிட்ட ஒரு தனித்த அதிர்வைத் தூண்டுவதன் விளைவே இப்புள்ளி என்றார்; அதைக் ‘குவாண்டம் பிரதிபலிப்பு’ என்று அழைத்தார். படிகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பும்போது அப்புள்ளி எத்திசையில் எவ்வளவு நகர்கிறது என்னும் வடிவியலை 1941இல் ஆராய்ந்து எழுதியவர் பிஷாரடி.

அதே காலத்தில் லண்டனில் கேத்லீன் லான்ஸ்டேலும் இப்புள்ளிகளை ஆராய்ந்தார். அவர் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கண்டறிந்தார். சில மங்கலான புள்ளிகள் எல்லா வைரங்களிலும் தோன்றின. வெப்பநிலைக்கேற்ப அவற்றின் செறிவு மாறியது. வேறு சில கூர்மையான புள்ளிகளும் கோடுகளும் ஒரு வகை வைரங்களில் மட்டுமே தோன்றின. வெப்பநிலை அவற்றைப் பாதிக்கவில்லை. முதலாவது வகை அணுக்களின் வெப்ப அதிர்வால் விளைந்தது. இரண்டாவது வகை, படிகத்தினுள் பதிந்திருந்த மெல்லிய தகடு போன்ற குறைபாடுகளால் விளைந்தது என்பது 1950களிலும் 1960களிலும்தான் தெளிவாயிற்று. ஒரே படத்தில் இரண்டு கதைகள் கலந்திருந்தன. தனித்த, கூர்மையான அதிர்வெண்களை எதிர்பார்த்த கண்ணுக்குக் கூர்மையான புள்ளிகள் சான்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பிஷாரடி 1942இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். படிக இயற்பியல் அவரை இழந்தது. பருவமழை ஆய்வு அவரைப் பெற்றது. அவரிடம் மீண்டும் வருவோம்.

நாற்பத்தெட்டு

1943இல் ராமன் தம் கோட்பாட்டை முழுமையாக வெளியிட்டார். போர்னின் சுழல் எல்லை நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. இயற்கையில் இல்லாத ஒன்றைக் கணக்கின் வசதிக்காகப் புகுத்தியதாகக் கருதினார். படிகத்தின் இயல்பு அதிர்வு ஒன்றில் ஒத்த அணுக்கள் யாவும் ஒரே வீச்சுடன் அதிர வேண்டும் என்றும், அடுத்தடுத்த கூடுகளில் அவை ஒரே கட்டத்திலோ நேரெதிர்க் கட்டத்திலோ மட்டுமே இருக்கலாம் என்றும் வாதிட்டார். மூன்று திசைகள், ஒவ்வொரு திசைக்கும் இரண்டு வாய்ப்புகள், ஆக எட்டு.

இதன் பொருள், படிகத்தின் அதிர்வை முழுமையாக அறிய, ஒவ்வொரு விளிம்பும் இரட்டிக்கப்பட்ட ஒரு கூடு போதும் என்பதே. வைரத்தின் அடிப்படைக் கூட்டில் 2 அணுக்கள். இரட்டித்த கூட்டில் 16 அணுக்கள். ஒவ்வோர் அணுவும் மூன்று திசைகளில் அசையலாம் என்பதால் 48 இயக்கங்கள். அவற்றில் மூன்று, படிகம் முழுவதும் ஒருசேர நகர்வதைக் குறிப்பவை. எஞ்சிய 45 அதிர்வுகளைச் சமச்சீர்மையால் தொகுத்தால் எட்டு வெவ்வேறு அதிர்வெண்கள் கிடைக்கின்றன. வைரத்தின் அதிர்வு நிறமாலை இந்த எட்டுக் கோடுகளால் ஆனது என்றார் ராமன்.

அவருக்குச் சான்று தந்தவர் ஆர். எஸ். கிருஷ்ணன். திருச்சூர் மாவட்டத்து ராப்பாலைச் சேர்ந்த இவர், பாதரச விளக்கின் புறஊதாக் கோட்டைப் பயன்படுத்தி 1944 முதல் வைரத்தின் இரண்டாம் வரிசை ராமன் நிறமாலையைப் பதிவு செய்தார். அக்காலத்தில் உலகில் வேறெங்கும் எட்டப்படாத அரிய சோதனை அது. முதல் வரிசையில் வைரம் ஒரே ஒரு கோட்டையே தரும். அதன் அலையெண் செ.மீ.க்கு 1332, சி. ராமசாமி முதலியோர் 1930இலேயே கண்டது. இரண்டாம் வரிசையிலோ பல மேடுகளும் கூர்மையான சில கோடுகளும் தோன்றின. அந்நிறமாலை முடியும் இடத்தில், 1332இன் இரட்டிப்பான 2665க்கு அருகே, தனித்துத் தெரியும் ஒரு கூர்ங்கோடு இருந்தது. தம் எட்டு அதிர்வெண்களின் இரட்டிப்புகளும் கூட்டல்களுமே இவை என்று ராமன் விளக்கினார்.

முதல் வரிசையையும் இரண்டாம் வரிசையையும் பிரித்தறிவது இங்கு இன்றியமையாதது. காணத்தக்க ஒளியின் அலைநீளம் வைரத்தின் கூட்டைவிட ஆயிரம் மடங்கு பெரியது. எனவே ஒரே ஃபோனானைத் தூண்டும் முதல் வரிசைச் சிதறல், எல்லாக் கூடுகளும் ஒரே கட்டத்தில் அதிரும் நிலையை மட்டுமே காட்டும். அங்கு ஒரே கோடு தோன்றுவதை இரு கோட்பாடுகளும் எதிர்பார்த்தன. இரண்டாம் வரிசையில் எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரண்டு ஃபோனான்கள் பங்கேற்பதால் எல்லா அலைநீளங்களும் இடம்பெறலாம். கிருஷ்ணனின் ஒளிப்படத் தட்டுகளே உண்மையான களமாயின.

கையால் போட்ட கணக்கு

போர்னின் பக்கத்தில் இருந்த சிக்கல் உழைப்பு சார்ந்தது. எண்ணிலா அலைகள் உண்டு என்று சொல்வது எளிது. அவற்றின் அதிர்வெண்களைக் கணக்கிடுவது கடினம். அலைநீளமும் திசையும் சேர்ந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். 1940இல் எடின்பரோவில் கெல்லர்மன் சோடியம் குளோரைடுக்கு இதைச் செய்தார். சமச்சீர்மையைப் பயன்படுத்தி, ஆயிரம் புள்ளிகளுக்கு ஈடான 48 புள்ளிகளில் அதிர்வெண்களைக் கணக்கிட்டார். கணினி இல்லாத காலத்தில் அதுவே பெரும் சாதனை. 1948இல் ஹெலன் ஸ்மித் வைரத்திற்கு அதே முறையில் கணக்கிட்டு, கிருஷ்ணனின் நிறமாலையின் பொதுவடிவத்தைப் போர்னின் கோட்பாட்டிலிருந்தே பெற முடியும் என்று காட்டினார்.

ஆனால் கூர்மையான கோடுகள்? தொடர்ச்சியான பட்டையிலிருந்து கூர்மை எங்ஙனம் பிறக்கும்? ராமன் பக்கத்தின் வலுவான கேள்வி இதுவே. அதற்குரிய விடையை 1953இல் லியோன் வான் ஹோவ் கணிதமாகத் தந்தார். படிகத்தின் ஒழுங்கடுக்கு காரணமாகவே, அலைநீளம் மாறினாலும் அதிர்வெண் மாறாது நிற்கும் சில புள்ளிகள் கட்டாயம் இருக்கும். அப்புள்ளிகளில் பல அதிர்வுகள் ஒரே அதிர்வெண்ணில் வந்து குவிவதால் பரவலில் கூர்மையான முறிவுகளும் முகடுகளும் எழும். தொடர்ச்சியும் கூர்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அப்போது தெளிவாயிற்று.

கண்ணால் காணத்தக்க சான்று நியூட்ரான்களிடமிருந்து வந்தது. நியூட்ரானின் அலைநீளம் அணு இடைவெளியோடு ஒப்பிடத்தக்கது. எனவே எந்த அலைநீள ஃபோனானையும் அதனால் தனித்தனியே அளக்க முடியும். கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் இம்முறையை உருவாக்கினார். திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார் அங்கு அவருடன் பணியாற்றினார். வைரத்தின் அதே அமைப்புக் கொண்ட ஜெர்மேனியத்தில் அதிர்வெண் அலைநீளத்தோடு தொடர்ச்சியாக மாறுவதை இருவரும் அளந்து 1958இல் வெளியிட்டனர். வைரத்திற்கே உரிய நியூட்ரான் அளவீடு 1967இல் முழுமையாக வெளிவந்தது. ஐயங்கார் டிராம்பேவில் வளர்த்தெடுத்த நியூட்ரான் ஆய்வுமரபு, படிக அதிர்வியலில் இந்தியாவுக்கு உலகத் தரமான இடத்தைப் பெற்றுத் தந்தது. அம்மரபில் வந்த ஜி. வெங்கட்ராமனே பின்னாளில் ராமனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இவ்வழக்கை மறைக்காமல் பதிவு செய்தார்.

கணினி நுழைந்தபோது

1953இல் லாஸ் அலமோஸில் என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லா உலாம் ஆகியோர் ஒரு சோதனையைத் திட்டமிட்டனர். மானியாக் கணினிக்கு அதற்கான நிரலை எழுதியவர் மேரி சிங்கோ. சுருள்வில்லால் இணைத்த 64 வரையான நிறைகளின் ஒரு வரிசை. வில்லின் விசையில் சிறிது நேரியல்பின்மை. ஓர் அதிர்வில் ஊட்டிய ஆற்றல் காலப்போக்கில் எல்லா அதிர்வுகளுக்கும் பங்கிடப்படும் என்று எதிர்பார்த்தனர். ஆற்றலோ சில அதிர்வுகளுக்குள் சுழன்று, ஏறக்குறையத் தொடங்கிய இடத்திற்கே திரும்பியது. கணினியில் நிகழ்த்திய சோதனை, மனிதர் எதிர்பாராத ஒன்றைக் கற்பிக்க இயலும் என்பதற்கு அது முதற்சான்றுகளில் ஒன்று. அணுக்களின் அதிர்வே அதன் பொருள் என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1964இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில், 864 ஆர்கான் அணுக்களை ஒரு கற்பனைப் பெட்டியில் இட்டு, ஒவ்வோர் அணுவின் இயக்கத்தையும் நியூட்டனின் விதிப்படி கணினியில் பின்தொடர்ந்தார். பெட்டியின் வலச்சுவர் வழியே வெளியேறும் அணு இடச்சுவர் வழியே உள்ளே வரும். பெயர் மாறினாலும் இது போர்னும் கார்மனும் கொண்ட அதே சுழல் எல்லை நிபந்தனைதான். ராமன் இயற்கைக்குப் புறம்பானது என்று ஒதுக்கிய கற்பனை, இன்று உலகில் நடைபெறும் படிகக் கணக்கீடுகள் மிகப் பலவற்றின் அடித்தளமாக இருக்கிறது. ரஹ்மான் ஆராய்ந்தது திரவம். 1969இல் டிக்கியும் பாஸ்கினும் இம்முறையைத் திண்மங்களுக்குக் கொண்டுவந்தனர்: அணுக்களின் திசைவேகம் தன் முந்தைய மதிப்பை எவ்வளவு காலம் ‘நினைவில்’ வைத்திருக்கிறது என்பதைக் கணித்து, அதிலிருந்து அதிர்வெண் பரவலைப் பெறலாம்.

இம்முறைகள் யாவற்றிற்கும் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. பெட்டிக்குள் முழுமையாகப் பொருந்தும் அலைகள் மட்டுமே அதில் வாழும். பெட்டியின் நீளத்திற்கு மேற்பட்ட அலைநீளம் அங்கே இல்லை. பொருந்தாத இடைப்பட்ட அலைநீளமும் இல்லை. பெட்டி சிறிதானால் நாம் காணும் அதிர்வுகளும் சிலவே. கணினி எவ்வளவு வேகமாக இயங்கினாலும் பெட்டி அனுமதிக்காததை அது காட்டாது.

எட்டின் உண்மைப் பொருள்

இப்போது ராமனின் 48க்குத் திரும்புவோம். வைரத்திற்கு 2×2×2 பெருங்கூட்டில் பொருந்தும் அலைகள் எட்டே எட்டு. எல்லாக் கூடுகளும் ஒரே கட்டத்தில் அதிரும் நிலை ஒன்று. அதைக் காமாப் புள்ளி என்கிறோம். எக்ஸ் என்று குறிக்கப்படும் வகையில் மூன்று. எல் என்று குறிக்கப்படும் வகையில் நான்கு. காமாவில் மூன்று இடப்பெயர்ச்சிகளை நீக்கினால் ஓர் அதிர்வெண், எக்ஸில் மூன்று, எல்லில் நான்கு. கூட்டினால் எட்டு. ராமன் சொன்ன அதே எட்டு.

ஆகவே ராமன் கண்ட எட்டும் பொய்யானவையல்ல. போர்னின் எண்ணிலா அதிர்வெண்களுள் அவையும் அடங்கும். அதற்கும் மேலாக, சமச்சீர்மை மிகுந்த இப்புள்ளிகளில்தான் வான் ஹோவ் கூறிய கூர்மைகள் பல எழுகின்றன. கிருஷ்ணனின் நிறமாலையில் சில கோடுகள் ராமனின் எண்களோடு ஒத்துப்போனதற்குக் காரணம் இதுவே. எட்டுப் புள்ளிகளில் எடுத்த மாதிரியை முழுப் படிகமாகக் கொண்டதே அவர் செய்த பிழை. மிகச் சிறிய பெட்டியைக் கணினி இல்லாமலே அவர் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அப்பெட்டியால் காண முடியாததற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமெனில், நிறமாலையின் இறுதியில் நின்ற கூர்ங்கோட்டைப் பார்க்க வேண்டும். ராமனிடம் ஆய்வு பயின்ற ஏ. கே. ராமதாஸ், அமெரிக்காவில் சோலினுடன் இணைந்து லேசர் ஒளியால் இந்நிறமாலையை மீண்டும் பதிவு செய்து 1970இல் வெளியிட்டார். ராமன் மறைந்த ஆண்டும் அதுவே. கோடு 1332இன் இரட்டிப்பில் சரியாக இல்லை. ஓரிரு அலகுகள் மேலே, 2667க்கு அருகே இருந்தது. வெறும் இரட்டிப்பு எனில் இந்த மிகுதிக்கு விளக்கம் இல்லை. இரண்டு ஃபோனான்கள் ஒன்றோடொன்று பிணைந்த நிலை இது என்று 1969இல் கோஹனும் ருவால்ட்ஸும் கருதினர். 1984இல் வாண்டர்பில்ட், லூயி, கோஹன் ஆகியோர் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையில் கணக்கிட்டு, அத்தகைய பிணைப்பு வைரத்தில் இல்லை என்றனர். 1993இல் விண்டலும் அவருடைய ஜெர்மன் குழுவினரும் இரண்டாம் வரிசை நிறமாலையை முழுமையாகக் கணினியில் உருவாக்கியபோது விடை தெளிவாயிற்று. வைரத்தின் மிக உயர்ந்த அதிர்வெண் காமாப் புள்ளியில் இல்லை. அதிலிருந்து சற்று விலகிய இடைப்பட்ட அலைநீளத்தில் வளைகோடு மெல்ல மேலெழுந்து பின்னர் இறங்குகிறது. அந்த மெல்லிய முதுகில் அதிர்வுகள் குவிவதால் கூர்ங்கோடு பிறக்கிறது. 2002இல் நியூட்ரான், எக்ஸ் கதிர் அளவீடுகள் அம்முதுகை உறுதிசெய்தன. சிலிக்கனிலும் ஜெர்மேனியத்திலும் இது இல்லை. வைரத்தின் தனிப்பண்பு இது.

அம்முதுகு காமாவிலும் இல்லை, எக்ஸிலும் இல்லை, எல்லிலும் இல்லை. எட்டுப் புள்ளிகளின் பெட்டியில் அதற்கு இடமே இல்லை. தமக்கு மிக உறுதியான சான்றாக ராமன் கொண்ட கோடே, அவருடைய பெட்டிக்கு வெளியிலிருந்து வந்தது. பெங்களூரில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தட்டு உண்மையைச் சரியாகவே பதிந்திருந்தது. அதைப் படிப்பதற்குரிய கணக்கு வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

கணவாயும் கட்டமும்

கொல்லங்கோட்டுப் பிஷாரடியிடம் திரும்புகிறேன். வானிலை ஆய்வுத் துறையில் உயர்ந்த அவர், 1962இல் புனேயில் தொடங்கப்பட்ட வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 1970இல் கேரளத் தென்னைகளின் வாடல் நோயை வானிலிருந்து அகச்சிவப்புப் படங்களால் கண்டறியும் சோதனைக்குத் தலைமை தாங்கி, இந்தியத் தொலையுணர்வுத் துறைக்கு வழிகோலினார். 2002இல் மறைந்தார்.

அவர் பின்னர் சேர்ந்த துறையிலும் இதே வினா வேறு உருவில் நிற்கிறது. வளிமண்டலத்தைக் கணினியில் உருவகப்படுத்துவோர் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கின்றனர். கட்டத்தைவிடச் சிறியது எதுவும் அக்கணக்கில் தன் உருவோடு இடம்பெறாது. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 முதல் 40 கி.மீ. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே காற்று பாயும் இவ்வாயிலைப் பற்றி, நூறு கி.மீ. கட்டம் கொண்ட கணக்கு எதுவும் அறியாது. மலையையும் வாயிலையும் கூட்டிச் சராசரி உயரம் ஒன்றைத் தரும். இடுக்கி எல்லையில் இது இன்னும் கூர்மை. 2695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியின் மேற்குச் சரிவில் பெருமழை. மூணாற்றிலிருந்து சிறிது தொலைவே உள்ள மறையூரும் சின்னாறும் மழை மறைவுப் பகுதிகள். ஈரமும் வறட்சியும் ஒரே கட்டத்திற்குள் விழுந்தால், எங்குமில்லாத ஒரு நடுத்தர மழையைத்தான் கணினி காட்டும். பிஷாரடி முதலில் தலைமை ஏற்ற அதே புனே நிறுவனம் உருவாக்கிய முன்கணிப்பு முறை, 2025இல் 12 கி.மீ. கட்டத்திலிருந்து 6 கி.மீ. கட்டத்திற்கு இறங்கியிருப்பதன் பொருளை எல்லைப்புறத்து மக்கள் எளிதில் உணர்வர்.

இரண்டு கணக்குகளும் முற்றிலும் ஒன்றல்ல. வானிலையில் சிறியது தொலைகிறது; படிகத்தில் நீண்டதும் இடைப்பட்டதும் தொலைகின்றன. ஆனால் இரண்டிலும், நாம் தேர்ந்த பெட்டியே நாம் காணக்கூடியதை முன்கூட்டி வரையறுக்கிறது.

நமக்கு என்ன

இவ்வழக்கின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1940களிலும் 1950களிலும் ராமனைச் சூழ்ந்த திறமைமிக்க இளைஞர்கள் பலர் எட்டு அதிர்வெண்களின் கோட்பாட்டைப் பின்பற்றியே படிகம் படிகமாகக் கணக்கிட்டனர். ஆசிரியரின் பெருமையும் அவர்தம் சோதனைகளின் நேர்த்தியும் அக்கோட்பாட்டை எதிர்த்துக் கேட்பதை அரிதாக்கின. உலகம் வேறு திசையில் சென்றபோது அவ்வுழைப்பின் பெரும்பகுதி படிக்கப்படாமல் போயிற்று. கிருஷ்ணனின் தட்டுகள் மட்டும் கோட்பாட்டைக் கடந்து வாழ்ந்தன. நல்ல அளவீடு தவறான விளக்கத்தைத் தாண்டியும் நிற்கும் என்பது இதில் நமக்குக் கிடைக்கும் ஆறுதல்.

இன்று எதிர்த்துக் கேட்க வேண்டிய ஆசிரியர் நிரலின் இயல்பான அமைப்பாக இருக்கிறார். 2×2×2 கூட்டில் பொருந்தும் புள்ளிகளில் மட்டுமே அதிர்வெண் நேரடியாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றுக்கிடையே வரையப்படும் அழகிய வளைகோடு ஓர் இடைக்கணிப்பு. அணுக்களுக்கிடையேயான விசை குறுகிய தொலைவிலேயே மறைந்துவிடும் படிகங்களில் அது சரியாக இருக்கலாம்; நெடுந்தொலைவு நீளும் படிகங்களில் இல்லாத மேட்டையும் பள்ளத்தையும் அது வரையலாம். வரைந்த கோட்டைப் பார்த்து இவ்வேறுபாட்டை அறிய இயலாது. 3×3×3, 4×4×4 என்று பெட்டியைப் பெருக்கிப் பார்த்து, விடை மாறாது நிற்கிறதா என்று காண்பதொன்றே வழி. பெரிய கணினி வசதி இல்லாத துறைகளில் இது எளிதன்று என்பதை அறிவேன். அவ்வாறாயின், எந்தப் பெட்டியில் கணக்கிட்டோம், எவற்றை அதனால் காண இயலாது என்பதையேனும் ஆய்வேட்டில் ஒரு பத்தியில் எழுதுவது கடமை.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரத் தமிழ் மாணவர்கள் பலர் இன்று இயற்பியல் பயில்கின்றனர். அவர்களுள் எவரேனும் வைரத்தின் ஃபோனான் வளைகோட்டை முதன்முறையாகக் கணக்கிடும்போது, காமாவிலிருந்து சற்று விலகி அந்த மெல்லிய முதுகு எழுகிறதா என்று பார்க்கட்டும். எழவில்லையெனில் தம் பெட்டியின் அளவை முதலில் சோதிக்கட்டும். தத்தம் துறைகளில் பெருங்கூட்டின் அளவை எவ்வாறு முடிவுசெய்கிறீர்கள் என்பதை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கீழே பகிர்ந்தால், மாணவர்களுக்கு அது பெரிதும் பயன்படும்.